நாகப்பட்டினம் போகாத கார்

பொள்ளாச்சி ரைஸ்மில் முதலாளி கோதண்டபாணியின் பெரிய காரை, டிரைவர் ஆறுச்சாமி மில் கேட்டில் இடித்துவிட்டார். "வேகமாப் போடா" என்று பின்சீட்டிலிருந்து விரட்டியது முதலாளிதான். ஆனால் தன் இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டால் வருஷாவருஷம் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி போய்விடுமே!

"உனக்குத்தான் சொந்தக் கார் இருக்குதல்லோ? இதை உன்ற இன்சூரன்ஸ்ல போடு" என்றார்.

அந்தப் பழைய காரை ஆறுச்சாமி வாங்கியதே, நாகப்பட்டினத்தில் நர்ஸாக இருக்கும் மனைவி துளசியைப் போய்ப் பார்க்கத்தான். லீவு கிடைக்காமல் ஏழு மாசமாக அது தார்ப்பாய்க்குள் நிற்கிறது.

சேதம் பார்க்க வந்த இன்சூரன்ஸ்காரர் முடியாது என்று தலையாட்டினார். "டிரைவர் பாலிசி அவர் காருக்கு மட்டும்தான் சார்."

"அதெல்லாம் தெரியாது. இவன் இன்சூரன்ஸ்லதான் வாங்கோணும்!"

ஆறுச்சாமி கைகட்டி நின்றார். "வாங்கிரலாமுங்க. அதுக்கு என்ற கார் இடிக்கோணும். இடிக்கோணும்னா ஓடோணும். ஓடோணும்னா எனக்கு லீவு வேணுமுங்க."

மில்லே சிரித்தது. முகம் சிறுத்துப்போன முதலாளி மூன்று நாள் லீவு கொடுத்தார்.

நாலாம் நாள் ஆறுச்சாமி திரும்பி வந்துவிட்டார். கண் மட்டும் இன்னும் நாகப்பட்டினத்திலேயே இருந்தது.

"ஒரு கீறல்கூட விழலீங்க. இன்னொருக்கா போய்ப் பாக்கட்டுங்களா?"