தடித்த கோடும் மெலிந்த கோடும்

குருவியும் கொக்கும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், எழுத்தின் கோடுகளும் சும்மா இருக்கவில்லை, ஓயாமல் பேசின. அப்போது எல்லாக் கோடும் ஒரே பருமன், சேமியா மாதிரி. அவற்றில் இருவர் புருஷன் பெண்டாட்டி. நிமிர்ந்து நிற்பவன் நெட்டையன். அவன் காலடியில் படுத்திருப்பவள் கிடையாள். இருவரும் சேர்ந்தால் 'ட'. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவர்களுக்குப் பொழுதே போகாது.

ஏரிக்கரைத் தூக்கணாங்குருவி தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தது. அக்கரைச் சொந்தங்களுக்குத் தெரியட்டும் என்று, கொக்கு அலகை மையில் தோய்த்து வெள்ளைப் பாறையில் பெரிதாக எழுதியது: 'கட்டாயம் வாருங்கள்.' மை காய்வதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. பாறை உச்சியிலிருந்து நீர் நேராக, அந்த 'ட'வில் நின்ற நெட்டையன் தலையில் வழிந்தது. அவன் கரைய ஆரம்பித்தான்.

"கிடையா, நான் போயிடுவேன் போலிருக்கே!"

"வாயைக் கழுவுங்க! நான் இருக்கும்போது எப்படிப் போவீங்க?"

சொன்ன கையோடு தன் மையை எல்லாம் அவனுக்குள் ஏற்றிவிட்டாள். தனக்கென்று ஒரு மயிரிழைதான் மிச்சம் வைத்தாள்.

தூறல் விட்டது. சொந்தமெல்லாம் வந்து, கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. நெட்டையன் தூண் மாதிரி தடித்து, கறுகறுவென்று நின்றான். குனிந்து பார்த்தால் பெண்டாட்டியைக் காணோம்!

"கிடையா, எங்கே போயிட்டே?"

"எங்கேயும் போகலை. உங்க காலடியிலதான் இருக்கேன்."

குரல் கேட்டது, ஆள் தெரியவில்லை. ஐயோ பாவம், அடியில் இரண்டு பக்கமும் பாதத்தை நீட்டித் துழாவினான். அத்தனை மெல்லிய உடம்பு, பட்டாலும் தெரியவில்லை.

கொக்கு சிரித்தது. "பெண்டாட்டி பக்கம் காலை நீட்டுறியே, நல்லா இருக்கா?"

"எனக்குக் கை இல்லையே அண்ணே! அவளைப் பார்க்கணும். அவ மையை அவளுக்கே குடுத்துடுங்க."

கொக்கின் சிரிப்பு நின்றுபோனது. "காஞ்ச மை இறங்காதுப்பா."

நெட்டையனுக்கு அழுகை முட்டியது. அழவும் பயம். கண்ணீர் பட்டு அவளும் கரைந்துவிட்டால்?

போதாக்குறைக்கு ஓர் எறும்பு, இருவரையும் அதே அழகோடு தன் புற்று வாசலில் பொடி எழுத்தாக எழுதிப் பார்த்தது. கிடையாள் அடியோடு மறைந்தாள். "கிடையா! கிடையா!" என்று அவன் கதறினான். பதிலே வரவில்லை. கொக்கு ஓடிவந்து பெரிதாக எழுதிய பிறகுதான் அவள் குரல் திரும்பியது.

"இவங்களைப் பொடியா எழுதாதீங்க!" என்று கொக்கு கத்தியது. "விசேஷத்துக்குக் கூப்பிடுங்க, தலைப்புல நிறுத்துங்க, சுத்தி நிறைய வெள்ளை விடுங்க. அவ தெரியணும்."

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான், இந்த மாதிரி எழுத்தைக் கல்யாணப் பத்திரிகையிலும் புத்தக அட்டையிலும் பெரிதாகப் போடுகிறோம். நிற்கும் கோடு தடிப்பு, படுத்த கோடு இழை, அடியில் சின்னப் பாதம். பார்க்க அழகு என்கிறோம். நமக்கென்ன! அவன் அன்றைக்கு நீட்டிய பாதத்தை இன்னும் மடக்கவில்லை.