சாரி சொன்னால் வழக்கு முடிந்தது

வெகு காலத்துக்கு முன்னே வெண்ணாற்றுச் சீமையை அதிவீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். புதுசு எதுவானாலும் அவருக்கு வேண்டும். மிளகு வாங்க வந்த இங்கிலீஷ் துரை ஒருநாள் தெரியாமல் அவர் காலை மிதித்துவிட்டு "சாரி" என்றார். தப்புக்கு வருத்தம் சொல்கிற வார்த்தை என்று தெரிந்ததும் ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இனி யார் என்ன தப்பு செய்தாலும் சாரி சொன்னால் போதும், வழக்கு முடிந்தது" என்று பறையறைவித்துவிட்டார்.

அப்புறம் கேட்கணுமா? பாலில் தண்ணீர் கலந்தவன் சாரி. பந்தலைச் சரியவிட்டவன் சாரி. அடுத்தவன் மாட்டை ஓட்டிப்போனவனும் சாரி.

அரண்மனைக்கு வெற்றிலை கொடுக்கும் அங்கம்மாளுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு ராஜாவுக்குச் செல்லமான மந்திரி, தானாபதி குழந்தைவேலர், குறுக்குவழி என்று அவள் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் குதிரையை விட்டார். அவள் பிழைப்பே அந்தக் கொடிகள்தான், அத்தனையும் துவம்சம். "சாரி" என்று மீசையைத் தடவிக்கொண்டு போயே போய்விட்டார் மனுஷர்.

சபைக்கு ஓடினாள்.

"அதான் சாரி சொல்லிட்டாரே, இன்னும் என்னம்மா?" என்றார் ராஜா.

மறுநாள் அரண்மனையில் விருந்து. ராஜாவின் பந்தியில் தானாபதியும் இங்கிலீஷ் துரையும் இருந்தார்கள். வெற்றிலை போடாமல் பந்தியைவிட்டு எழுவது அங்கே வழக்கமில்லை. அங்கம்மாள் பட்டு மூடிய தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ராஜா பட்டை விலக்கினால், வெறும் தட்டு.

"வெற்றிலை எங்கே?"

"சாரி, மகாராஜா."

"சாரி இருக்கட்டும், வெற்றிலை?"

"அதையே மென்னுக்கோங்க. எனக்கு அதைத்தானே கொடுத்தீங்க. நேத்திலிருந்து மெல்லுறேன், வாய் சிவக்கவேயில்லை."

"என்ன திமிர் இவளுக்கு" என்றார் தானாபதி.

"உங்களுக்கும் தட்டு வருது, பொறுங்க" என்றாள்.

எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்த ராஜா துரையைப் பார்த்தார். "இந்த வார்த்தையை எங்கிருந்துதான் பிடிச்சீங்க?"

"எங்கள் பழைய பாஷையில் புண், வலி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, ராஜாவே. சொல்பவருக்கு உள்ளே வலிக்க வேண்டும்."

"தானாபதி, உமக்கு எங்கேயாவது வலித்ததா?"

"இல்லை, மகாராஜா."

"வலிக்கும். கொடிக்காலை உம் கையாலேயே நட்டு, தண்ணீர் சுமந்து தளிர்க்க வையும். அதுவரை அவள் வீட்டுக்கு நெல் என் களஞ்சியத்திலிருந்து போகும். அந்தச் சட்டத்தைப் பறையறைவித்த தப்பு என்னுடையது, அதுவும் இன்றோடு ஒழிந்தது."

பத்தாம் நாள் தானாபதி குடத்தை இறக்கிவைத்து, கொப்புளம் உடைந்த கையை ஊதிக்கொண்டே முனகினார்: "அங்கம்மா... சாரி."

அங்கம்மாள் அவர் கைகளைப் பார்த்தாள். "இப்பதான் காதுல விழுது. அந்த ஓரத்து வரிசை இன்னும் காயுது, பாருங்க."

அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டார்.