வேப்பமரத்து உச்சியில் எல்லைக்கல்

கொம்மடிப்பட்டி ஆட்களை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜனங்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் வைரப்பெருமாளின் கத்திரித் தோட்டத்துக்கு இருப்பது ஒரே கிணறு. அதைத் தன்னுடையது என்று பக்கத்துத் தோட்டக்காரர் இசக்கியப்பன் கிளம்பிவிட்டார். கிணறு போனால் கத்திரி போச்சு. வைரப்பெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை.

செயற்கைக்கோளை வைத்து அளக்கிற கருவியோடு மறுநாள் வருவதாக சர்வேயர் ரோஸ்லின் போனில் சொன்னார். எல்லைக்கல் பக்கம் மரம் உண்டா என்று கேட்டார். பெரிய வேம்பு நிற்பதாக வைரப்பெருமாள் சொன்னார்.

“அப்போ சிக்னல் கிடைக்காதே. கல்லுக்கு மேல வானம் தெரியுற மாதிரி செஞ்சு வைங்க.”

வேம்பை வெட்டினால் அம்மன் சும்மா விடுவாளா? வைரப்பெருமாளும் மச்சினன் கொம்பையாவும் வெகுநேரம் ஆலோசித்தார்கள்.

“மரத்தை எதுக்கு அத்தான் வெட்டணும்? வானம் கல்லுக்குத்தானே வேணும்?” என்றான் கொம்பையா.

கல்லைப் பிடுங்கி, கத்திரிப் பாத்தி நடுவில் நட்டார்கள். அங்கே வானம் தாராளமாகத் தெரிந்தது. பழைய குழியில் யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று அதையும் மூடி மெழுகிவிட்டார்கள்.

மறுநாள் ரோஸ்லின் துல்லியமாக அளந்தார். கிணறு எல்லைக்கு வெளியே போய்விட்டது. இசக்கியப்பனுக்கு வாயெல்லாம் பல். வைரப்பெருமாள் அழுதேவிட்டார்.

“நேத்து கல்லு அந்தப் பக்கம் இருந்தப்போ கிணறு உள்ளேதானே இருந்துச்சு மேடம்?”

விஷயம் தெரிந்ததும் ரோஸ்லினுக்குத் தலை சுற்றியது. நல்லவேளை, கல் நின்ற இடத்தின் பழைய அளவு கருவியில் இருந்தது. கருவி எங்கே ‘கீ’ என்று கத்துகிறதோ அங்கே கல்லை நடச் சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போனார்.

மரத்தடியில் கருவி மூச்சு விடவில்லை. கொம்பையா அதைத் தூக்கிக்கொண்டு மரமேறினான். உச்சிக்கிளையில் கருவி கத்தியது.

“இங்கதான் அத்தான்! கல்லை அனுப்புங்க.”

கயிறு போட்டு ஏற்றி, கிளையோடு இறுக்கிக் கட்டினார்கள். திரும்பி வந்த ரோஸ்லின் அண்ணாந்து பார்த்தார். கருவியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இசக்கியப்பன் மட்டும் விடவில்லை. காற்றடித்தால் கல் ஆடுகிறதே, அப்போது எல்லையும் நகருமே என்று நியாயம் கேட்டார். ஊர் கூடிப் பேசியது. கல் வைரப்பெருமாள் பக்கம் சாய்ந்தால் கிணறு இசக்கியப்பனுக்கு, இசக்கியப்பன் பக்கம் சாய்ந்தால் வைரப்பெருமாளுக்கு என்று முடிவானது.

காற்றில்லாத நாளில் இரண்டு பேரும் குடத்தோடு வந்து, மரத்தை மாறி மாறி உலுக்குகிறார்கள்.