ஈரச் சுவரும் ராசாவின் நாய்க்குட்டியும்

முன்னொரு காலத்துல வெண்குன்ற நாட்டை மகுடவர்மர்னு ஒரு ராசா ஆண்டு வந்தார். நல்ல மனுசர்தான், ஆனா காலையில ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு. ஒருநாள் அவர் பல்லக்குல போறப்ப, வடக்கேயிருந்து வந்த குதிரை வியாபாரி ஒரு நாய்க்குட்டியைக் கொண்டாந்து காட்டி, "இதோட அப்பன் நின்னா மனுசன் இடுப்புக்கு வரும், மகாராஜா"ன்னான். அவ்வளவுதான்! ராசா பல்லக்கை அனுப்பிட்டு, குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு அரண்மனைக்கு நடந்தே வந்துட்டார். வழியில அது பட்டு அங்கவஸ்திரத்தை நனைச்சதைக்கூட அவர் கண்டுக்கல. 'பூதம்'னு பேரும் வெச்சாச்சு.

சபை கூடினதும் முதல் கேள்வியே, "இதுக்கு என்ன போடலாம்?"

மடைப்பள்ளி அதிகாரி வில்வநாதர் முந்திக்கிட்டு எந்திரிச்சார். மந்திரி கூத்தபிரான் விரல்ல பதவிக்கு அடையாளமா இருந்த முத்திரை மோதிரத்து மேல இவருக்கு ரொம்ப நாளாவே ஒரு கண்ணு.

"மகாராஜா, மலையா வளரப்போற குட்டிக்கு மலையாத்தான் போடணும்! விடிஞ்சா நெய் ஊத்தின பால்சோறு, மத்தியானம் ஆட்டுக்கறி, சாயங்காலம் முட்டை, படுக்கப் போறப்ப பாதாம் கஞ்சி. தேர்த்திருவிழாவுக்கு அண்டை நாட்டு ராசா தன் வேட்டைநாயோட வர்றாரே, அந்த நாயை நம்ம பூதம் குனிஞ்சு பார்க்கும்படி பண்ணிடறேன்!"

ராசாவுக்கு வாயெல்லாம் பல்லு. கூத்தபிரான் மட்டும் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் மகாராஜா. பெரிய சாதி நாய் மெதுவாத்தான் வளரணும். கேழ்வரகுக் கூழு, கொஞ்சம் கறி, ஒரு வாய் மோர், எல்லாம் அளவோட போதும். விலாவைத் தடவினா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், ஆனா கண்ணுக்குத் தெரியக் கூடாது. சதை முந்திக்கிட்டா கால் எலும்பு தாங்காது."

"அட, பாருங்களேன்! கஜானாவைப் பூட்டிப் பூட்டி, மந்திரியாருக்கு நாய்ச்சட்டியையும் பூட்டணும்னு தோணுது!"ன்னார் வில்வநாதர். சபையே சிரிச்சுது.

ராசாவுக்குச் சுருக்குனு கோபம் வந்துட்டுது. "என் அரண்மனையில என் குட்டி கூழு குடிக்கணுமா? ஓய் மந்திரி, திருவிழாவுக்குள்ள நீர் சொன்னது சரின்னு எனக்குப் புரிய வையும். இல்லேன்னா அந்த மோதிரத்தைக் கழட்டி வில்வநாதர் கையில கொடுத்துட்டுப் போயிடும்!"

"உத்தரவு மகாராஜா"ன்னு கூத்தபிரான் அமைதியா உட்கார்ந்தார். மோதிரத்தைப் பத்தி அவருக்கு அவ்வளவா கவலை இல்ல. அவர் கண்ணெல்லாம் குட்டி மேலதான்.

வில்வநாதர் சொன்னபடியே போட்டுத் தள்ளினார். பூதம் பீப்பாயாட்டம் உருண்டுது. முன்னங்கால் ரெண்டும் வெளிப்பக்கமா வளைஞ்சு, எந்திரிக்கிறப்பல்லாம் 'ங்ங்'னு முனகும். "ஐயோ, செல்லம் கொழுகொழுன்னு ஆயிட்டான்!"னு ராசா கன்னத்தைக் கிள்ளுவார். கூத்தபிரானோ, 'அடப் பாவி மனுசா, ஒரு மோதிரத்துக்காக வாயில்லாச் சீவனை இப்படி நொண்டியாக்குறியே!'ன்னு பல்லைக் கடிச்சுக்குவார்.

இந்த நேரத்துல வில்வநாதருக்கு இன்னொரு ஆசை வந்துட்டுது. "மகாராஜா, தேர் வீதியில என் வீட்டு முகப்புல ஒரு மாடம் கட்ட உத்தரவு வேணும். ரெண்டு ராசாவும் அதுல உட்கார்ந்து தேர் பார்க்கலாமே"ன்னார்.

"பிரமாதம்! அந்த வேலையை நானே நின்னு முடிச்சுத் தர்றேன்"னு கூத்தபிரான் குதிச்சார். வில்வநாதருக்கு நம்பவே முடியல. மந்திரி பணிஞ்சுட்டார்னு நினைச்சு, மார்பை நிமித்திக்கிட்டு, வேலை முடியறவரைக்கும் குடும்பத்தோட அரண்மனை விருந்து மாளிகைக்குக் குடி போயிட்டார்.

அடுத்த நாளே கூத்தபிரான் வந்து கூப்பிட்டார். "மாடம் தயார் மகாராஜா!"

ராசா வில்வநாதரோட கிளம்பினார். பின்னாடியே பூதமும் தள்ளாடிக்கிட்டு வந்துது. போய்ப் பார்த்தா தூணு, தளம், மேல சிங்காரமா கைப்பிடிச் சுவரு, எல்லாம் நிக்குது!

"மகாராஜா, தள்ளியே நில்லுங்க. முதல் மரியாதை வீட்டுக்காரருக்கு. ஏறி உட்காருங்க, வில்வநாதரே!"ன்னார் கூத்தபிரான்.

வில்வநாதர் ஆசையா ஒரு தூணைத் தொட்டார். கை முழுக்கப் பிசுபிசுன்னு சுண்ணாம்பு. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"என்னய்யா இது! நேத்துப் பூசினதா? இதுல எவன் ஏறுவான்?"

"ஏன்? குறை ஏதும் வெக்கலையே. சுண்ணாம்பு நல்லா இறுக ஊத்துற கருப்பட்டி, கடுக்காய்ச் சாறு எல்லாம் ஒண்ணுக்கு ரெண்டாத்தான் ஊத்தினோம்."

"நீர் குடம் குடமா ஊத்தும், எனக்கென்ன? சுண்ணாம்பு அது இறுகுற காலத்துலதான் இறுகும்! காயறதுக்குள்ள இவ்வளவு பாரத்தை மேல ஏத்தினா, கீழே இருக்கிற கால் வளையாம என்ன செய்யும்? இதுகூடத் தெரியாதா ஒரு மந்திரிக்கு?"

சொல்லி முடிச்சதும்தான் அவருக்கே ஏதோ உறைச்சுது. வாயைப் பொத்திக்கிட்டார்.

கூத்தபிரான் பூதத்தைக் கை காட்டினார். ராசா மெல்லத் திரும்பிப் பார்த்தார். தெருவுல பூதம் வளைஞ்ச கால்ல நிக்க முடியாம பொத்துனு உட்கார்ந்து, அவரைப் பார்த்து வாலை ஆட்டிக்கிட்டு இருந்துது. ராசா மண்ணுலேயே குந்தி அதோட காலைத் தடவினார். கண்ணு கலங்கிட்டுது.

"இது சரியாகுமா, கூத்தபிரானே?"

"குட்டிதானே மகாராஜா. எலும்பு இன்னும் இளசு. இன்னைக்கே அளவைக் குறைச்சா நிமிர்ந்துடும். நான் பொறுப்பு."

"வில்வநாதரே, இனி பூதத்துக்கு மந்திரி அளந்து வெக்கிற கூழைத்தான் நீரும் குடிக்கணும். காலையும் சாயங்காலமும் அதோட நீரும் நடக்கணும். ரெண்டு பேருக்கும் விலா தட்டுப்படுதான்னு நானே தடவிப் பார்ப்பேன்!"ன்னார் ராசா. தன் கழுத்து முத்துமாலையைக் கழட்டி மந்திரிக்குப் போட்டார். அந்த ஈர மாடத்தைப் பிரிச்சுப் போடவும் உத்தரவாச்சு.

சில மாசத்துல திருவிழாவும் வந்துது. அண்டை நாட்டு ராசா தன் வேட்டைநாயைப் பூதத்துக்குப் பக்கத்துல நிறுத்தினார். பூதம் ஒல்லியா, அதைவிட ஒரு சாண் குட்டையா, ஆனா நாலு காலையும் நேரா ஊனிக்கிட்டு நின்னுது.

"என்ன மகுடவர்மரே, உம்ம நாய் என் நாய்க்குத் தோளுக்குக்கூட வரலையே?"ன்னு அவர் கேலி பண்ணினார்.

ராசா மீசையைத் தடவிக்கிட்டே சிரிச்சார்.

"உம்மோடது வளர்ந்து முடிஞ்சுது, ஐயா. என்னோடது இன்னும் குட்டி. அடுத்த திருவிழாவுக்கும் வாரும், அப்ப பேசுவோம்!"