வாயாடி வெள்ளச்சி வாயை மூடுன ராத்திரி

அந்தக் காலத்துல ஆடு, மாடு, நாய் எல்லாத்துக்கும் பேச்சு இருந்துச்சு. இருந்த பேச்சுல பாதியை வெள்ளச்சிங்கற நாய் ஒருத்தியே பேசித் தீர்த்துட்டா. மிச்சத்தைத்தான் மத்ததுங்க பங்கு போட்டுக்கிச்சுங்க.

அப்போ குளிர்கால வானத்துல பேருக்குக்கூட ஒரு விண்மீன் கிடையாது. கிழக்குல இருந்து மேற்கு வரைக்கும் கன்னங்கரேல்னு ஒரு வெறும் பாதை. கீழ மழை பொய்ச்சு புல்லு கருகிட்டா, மந்தைக்காரங்க அந்தப் பாதையில ஏறி, மேற்குக் கடைசியில இருக்குற பச்சைப் புல்வெளிக்குப் போவாங்க. ஒரே ராத்திரியில கடந்தாகணும். சூரியன் வந்துட்டா பாதை கொதிச்சுரும். அப்போ அதுல யாரு நின்னாலும் சாம்பல்தான்.

அந்த வருசம் ஆதிரை தன் மந்தையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பினா. நெட்டையான பொம்பளை, அகலமான தோளு. இடுப்புக் கயித்துல வரிசையா மூணு வெண்கல மணி. மந்தைன்னா என்ன பெரிய மந்தை? பஞ்சத்துல செத்தது போக ஆறு குட்டிங்க, ரோகிணிங்கற செவலைப் பசு, அப்புறம் சுட்டி. நெத்தியில வெள்ளைப் பொட்டு இருக்குற ஆடு அது. பின்னங்காலு ஒண்ணு நொண்டி. காவலுக்கு வெள்ளச்சி. வெளிச்சத்துக்கு ஆதிரை தோள்ல சாய்ச்சுப் பிடிச்ச ஒரே ஒரு தீப்பந்தம். ஆதிரையும் வெள்ளச்சியும் முன்னாடி, மத்ததெல்லாம் பின்னாடி.

கிளம்பும்போதே தகராறு.

"ஏ வெள்ளச்சி, அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் பின்னாடி வரச் சொல்லேன். எனக்குப் பள்ளம் மேடு தெரியல"ன்னு கடைசியில நின்ன சுட்டி கத்தினா.

"வெளிச்சம் முன்னாடிதான்டி போகும். முன்னாடி போறவதான் நாய். பின்னாடி வர்றது வாலு."

"உனக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும். போதாததுக்கு மூக்கு வேற. உனக்கு எதுக்குடி பந்தம்? பவுசுக்கா?"

வெள்ளச்சிக்குச் சுருக்குன்னுச்சு. பதில் கையில இல்லைன்னா அவளுக்குக் கோவம்தான் வரும். "நீ காலை இழுத்துக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள அங்க இருக்குற புல்லு காய்ஞ்சு மறுபடி முளைச்சிரும், போ!"ன்னு சொல்லிட்டு வாலைத் தூக்கிக்கிட்டு நடந்தா.

ஆறு குட்டிங்களும் துள்ளின துள்ளுல புழுதி பறந்துச்சு. பின்னாடி வந்த ரோகிணி கண்ணுல அம்புட்டும் விழுந்துச்சு. "அடேய், மெதுவா போங்கடா! என் கண்ணைப் பாருங்கடா, மொளகாப் பழமாட்டம் ஆயிருச்சு!" குட்டிங்க சிரிச்சுக்கிட்டே இன்னும் ரெண்டு துள்ளு துள்ளுச்சுங்க.

பாதித் தூரம் வந்திருப்பாங்க. ரொம்பப் பின்னாடி இருந்து ஒரு சத்தம். மெலிசா, "மே..."ன்னு. ஒரே தடவைதான். அப்புறம் ஒண்ணும் இல்ல.

ஆதிரை நின்னுட்டா. திரும்பிப் பார்த்தா சுட்டி இருந்த இடத்துல இருட்டுதான் இருந்துச்சு.

"எங்கயோ விழுந்துட்டா. நான் பந்தத்தோட திரும்பினா இதுங்க சிதறிப் போயிரும். பந்தம் இல்லாமப் போனா பள்ளம் தெரியாது. போகலைன்னா..." ஆதிரை அதை முடிக்கல. முடிக்கத் தேவையும் இல்ல. சாம்பல்னா என்னன்னு குட்டிங்களுக்கே தெரியும்.

"ஒரு நொண்டிக்காக எல்லாரும் வேகணுமா?"ன்னா ரோகிணி.

"இன்னொரு வாட்டி நொண்டின்னு சொன்னேன்னு வை, உனக்குக் கண்ணு மட்டும் இல்ல, காதும் சிவந்துரும்!"னு வெள்ளச்சி பாஞ்சா.

"ஆமா, நீ ரொம்பக் கொஞ்சினே! கிளம்பும்போது அவளை என்ன பேச்சு பேசினே? என் காதுலதான விழுந்துச்சு?"

வெள்ளச்சி நேரா ஆதிரை காலடியில வந்து நின்னா.

"அக்கா, பந்தத்தைக் குடு."

"உன்கிட்டயா? உனக்குக் கையா இருக்கு?"

"வாய் இருக்கே! எனக்கு வாய் மட்டும்தான் இருக்குன்னு ஊரே சொல்லுதே!"

"அப்போ எங்களுக்கு யாரு வழி காட்டுவா?"ன்னு குட்டிங்க அழ ஆரம்பிச்சுதுங்க.

"வழியென்ன வழி, நேரா மேற்கு. ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு நடங்க. எவனாவது கொஞ்சம் விலகினான், வந்து தொடையைக் கவ்விருவேன். அக்கா, நீ ரோகிணிக்குப் பின்னாடி போயி மணியை ஆட்டிக்கிட்டே இரு. சத்தம் கேட்டா இதுங்களுக்குப் பயம் வராது, எனக்கும் திசை தெரியும்."

நெருப்பு இல்லாம அந்தப் பாதையில யாரும் நடந்தது கிடையாது. ஆதிரை ஒரு மூச்சு விட்டா. அப்புறம் பந்தத்தைத் தோள்ல இருந்து இறக்கி வெள்ளச்சி வாயில குடுத்தா. குடுக்கும்போது ஒரு தணல் உதிர்ந்து ஆதிரை தோள் கம்பளியில விழுந்துச்சு.

"சுடுதே, தட்டிவிடும்மா!"ன்னா ரோகிணி.

"இருக்கட்டும். திரும்பி வர்றவங்களுக்கு நான் எங்க இருக்கேன்னு தெரிய வேணாமா?"

வெள்ளச்சி ஓடினா. காத்து எதிர்த்து அடிச்சுச்சு. பந்தம் ஒரு தரம் நீலமா எரிஞ்சுது, ஒரு தரம் செவப்பா, ஒரு தரம் பச்சையா. மீசை முடி பொசுங்குச்சு. பல்லு கூசுச்சு. விடல.

சுட்டி ஒரு பள்ளத்துல வயித்து வரைக்கும் இறங்கிக் கிடந்தா. வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினா.

"யாரு, வெள்ளச்சியா? என்னடி, புல்லு காய்ஞ்சுருச்சுன்னு சொல்ல வந்தியா?"

வெள்ளச்சி பேசல.

"திமிரைப் பாரு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்ன?"

அப்புறம்தான் சுட்டிக்கு உறைச்சுது. திறந்தா நெருப்பு விழுந்துரும். அந்த வாயி, நாளெல்லாம் ஓயாத அந்த வாயி, இப்போ அவளுக்காகப் பூட்டிக் கிடக்கு. பள்ளத்தோட விளிம்பு எங்கன்னு இப்போ தெரிஞ்சுது. முன்னங்காலை ஊனி, மூணு காலால எக்கி மேல வந்துட்டா.

வெள்ளச்சி நாலு அடி முன்னாடி போவா, நின்னு திரும்பிப் பார்ப்பா. சுட்டி வந்து சேர்ந்ததும் மறுபடி நாலு அடி. தூரத்துல மணிச் சத்தம். அதுக்கு மேல இருட்டுல செக்கச்செவேல்னு ஒரு பொட்டு, ஆதிரை தோள்.

வலியை மறக்க சுட்டி பேசிக்கிட்டே வந்தா. "முன்னாடி போறவதான் நாயா? இப்போ யாருடி வாலு? நீயா, நானா?" வெள்ளச்சிக்கு நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்துச்சு. நல்ல பதில்தான், சுட்டி ஒரு வாரத்துக்கு எந்திரிக்க முடியாத பதில். முழுங்கிட்டா. அவ பொறந்ததுல இருந்து முழுங்கின முதல் பதில் அது.

கிழக்கு வெளுத்துச்சு. மத்ததெல்லாம் பச்சையில கால் வச்சாச்சு. ஆனா ஒண்ணும் மேயல. குட்டிங்க ஒட்டிக்கிட்டு நின்ன மேனிக்கே பார்த்துச்சுங்க. கண்ணு எரிய எரிய ரோகிணி இமைக்காம கிழக்கையே பார்த்தா. ஆதிரை மணியை ஆட்டின ஆட்டுல கயிறே அறுந்துரும் போல இருந்துச்சு.

வெள்ளச்சி வந்தா. பச்சையில ஏறல. ஓரத்துல நின்னு, சுட்டிக்கு வெளிச்சம் படுற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டா. சுட்டி அந்த நொண்டிக் காலைக் கடைசியா எடுத்துப் புல்லுல வச்சதுக்கு அப்புறம்தான் வெள்ளச்சி தாவினா. பின்னாடி பாதை கொதிச்சுது. தலையை நீட்டின சூரியன் அந்தச் சின்னப் பந்தத்தைப் பார்த்துட்டு, கொஞ்ச நேரம் மேல ஏறக் கூச்சப்பட்டு நின்னுச்சாம்.

பாதை அந்த நடையை மறக்கல. ஒவ்வொரு குளிர்காலமும் ராத்திரி கிழக்கு வானத்துல பாருங்க, அந்த மந்தை மொத்தமும் விண்மீனா வரும். முதல்ல புழுதி படிஞ்ச மாதிரி மங்கலா, ஒட்டிக்கிட்டு வர்ற கார்த்திகைக் கூட்டம், அந்த ஆறு குட்டிங்க. அடுத்து ரோகிணியோட செவந்த கண்ணு. அதுக்கப்புறம் இடுப்புல மூணு மணியோட ஆதிரை, தோள்ல இன்னும் அணையாத அந்தத் தணல். எல்லாருக்கும் பின்னாடி, எல்லாரையும் விடப் பளிச்சுன்னு, காத்துல நிறம் மாறி மாறித் துடிக்கிற வெள்ளச்சி. அவளுக்கும் பின்னாடி தனியா, அவசரமே இல்லாம வருதே ஒரு மீன், அது சுட்டி நெத்திப் பொட்டு.

அன்னையில இருந்துதான், மார்கழிக் குளிர்ல ஊர் நாய்ங்கெல்லாம் அண்ணாந்து பார்த்து விடிய விடிய ஊளையிடுது. வெளிச்சம் விழுந்துருமேன்னு வெள்ளச்சி பேசாம முழுங்கின பதிலை எல்லாம், அவளுக்குப் பதிலா இதுங்க சொல்லிக்கிட்டு இருக்குதுங்க.