பரவாயில்லை

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் மரியநாயகம். எங்கள் ஊர்ச் சமாதானக் குழுவின் தலைவன்.

சண்டைக் காலத்தில் என் மகள் றொசலினை விசாரணை என்று இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விட்டார்கள். அங்கே தனக்கு என்ன செய்தார்கள் என்பதைத் தாயிடம் மட்டும் சொன்னாள். ஊர் எப்படியோ அறிந்துகொண்டது.

சண்டை ஓய்ந்த பிறகு மரியநாயகம் மண்டபத்தில் கூட்டம் வைத்தான். முகாமின் புதிய அதிகாரி வந்தார். "பிலேந்திரன் அண்ணையின் குடும்ப மானத்துக்கு நேர்ந்த இழுக்குக்கு வருந்துகிறோம்" என்று மரியநாயகம் மைக்கில் சொன்னான். அதிகாரி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"பரவாயில்லை எண்டு சொல்லண்ணை" என்று மரியநாயகம் என் காதில் சொன்னான்.

சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். றொசலின் மண்டபத்துக்குப் பின்னால் மற்றப் பெண்களோடு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு செய்தி வந்தது. சர்வதேச நீதிமன்றத்துக்குச் சாட்சியம் எடுக்க வெளிநாட்டுச் சட்டத்தரணிகள் வருகிறார்களாம். எங்கள் விசயத்தையும் அவர்களிடம் சேர்க்கச் சொல்லி மரியநாயகத்திடம் ஓடினேன்.

"அது பேசி முடிச்ச விசயமெல்லோ, அண்ணை" என்றான்.

பாக்கியசோதி ரீச்சரிடம் போனேன். என்னைவிட வயதில் இளையவர். ஞாயிறு பின்னேரங்களில் பெண்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பார். ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும் வாசலோரம் இருந்து கேட்பேன். அங்கே ஆண் என்று நான் ஒருவன்தான்.

"ரீச்சர், அண்டைக்கு நான் சொன்ன பரவாயில்லை சட்டத்தில செல்லுமோ?"

ரீச்சர் எழுந்தார். வகுப்புக்கு வந்து பக்கத்தில் இருந்த சிவகௌரியின் காலை நன்றாக மிதித்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஐயா."

"பரவாயில்லை, ரீச்சர்" என்றேன்.

"ஐயோ! மிதிபட்டது என்ர கால். இவருக்கென்ன பரவாயில்லை?" என்று கத்தினாள் சிவகௌரி.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்கும் நொந்ததுதானே, ரீச்சர். அவள் என்ர பிள்ளை."

ரீச்சர் குனிந்து சிவகௌரியின் காலைத் தடவிவிட்டார்.

சட்டத்தரணிகள் வந்தபோது ரீச்சர் தன் வீட்டிலேயே இடம் ஒழுங்கு செய்தார். நான் வெள்ளை வேட்டி கட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ரீச்சர் வாசலில் மறித்தார்.

"அவள் மட்டும்."

"நான் தகப்பன்."

"தெரியும், ஐயா."

கதவைச் சாத்தினார். அதையும் நான் மறக்கவில்லை.

கொஞ்ச நேரத்திலேயே றொசலின் வெளியே வந்தாள். என்னைப் பாராமல் றோட்டில் இறங்கி நடந்தாள்.

"என்ன சொன்னவள், ரீச்சர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. 'அப்பா பரவாயில்லை எண்டிட்டார், பிறகு நான் என்னத்தைச் சொல்ல' எண்டு கேட்டவள். அவ்வளவுதான்."

"அவையள் திரும்ப வருவினமோ?"

"வரமாட்டினம்."



"மரியநாயகம் எனக்குப் பதில் சொல்லவேணும், ரீச்சர். முகாம்காரர் சொல்லவேணும். இண்டைவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை."

"சொல்லத்தான் வேணும். முதல்ல அவளுக்கு. நீங்கள் அவளுக்குப் பின்னால நில்லுங்கோ, ஐயா."

நிற்கிறேன். மரியநாயகம் இன்னும் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.