மிராசுதாருக்கு லேசான பாயசம்

சம்பங்கிநல்லூர் மிராசுதார் அம்பலவாணருக்குப் பால் பாயசம் என்றால் உயிர். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துப் பாயசம் குடிப்பார்கள். அவர் பாயசம் குடித்து முடித்து, வயிற்றில் இடமிருந்தால் சாப்பிடுவார். இப்படியே போய் ஒரு நாள் வயிறு கல்லாகிவிட்டது. மூன்று நாளாகக் கட்டிலில் கிடந்தார். கஞ்சியைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாயசம் இல்லேன்னா எனக்கு எதுவும் வேணாம்."

அவர் மனைவி தையல்நாயகி பயந்துபோய் வைத்தியரை வரவழைத்தாள். வைத்தியர் நாடி பார்த்தார், பிடிவாதத்தையும் பார்த்தார். நேராகச் சமையற்கட்டுக்குப் போனார்.

"பாயசமே குடுங்கப்பா. ஆனா லேசா இருக்கணும். பாலைச் சுண்ட விடாதீங்க. ஏலக்காய் ரெண்டு தட்டிப் போடுங்க. நெய்யைக் கண்ணுல காட்டினாப் போதும்."

சமையற்கட்டில் நான்கு அண்ணன் தம்பிகள். உலகப்பன், சடையன், மாடக்கண்ணு, தொப்புளான். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே குறை அதுதான்.

"இன்னிக்காவது ஐயா நாலு வாய் சாப்பிடணும்," என்றாள் தையல்நாயகி. "பாயசம் மட்டும் கனமா இருந்துதோ, நாலு பேரும் வேற வீடு பாத்துக்குங்க."

தொப்புளானுக்குக் கண் கலங்கிவிட்டது. உலகப்பன்தான் மூத்தவன், அவன் தைரியமாகப் பெரிய வெண்கல உருளியில் பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றினான்.

"பாலைச் சுண்ட விடக்கூடாதாம். நம்மள்ல யாருடா சுண்டுவான்?"

மூன்று பேரும் சடையனைப் பார்த்தார்கள். அவனுக்கு எதைக் கண்டாலும் விரலால் சுண்டிப் பார்க்கும் பழக்கம். தேங்காய், பானை, தம்பி காது, எதையும் விட்டதில்லை.

"சத்தியமா சுண்ட மாட்டேன் அண்ணே!"

"உன்னை நம்பறேன்டா. உன் விரலைத்தான் நம்ப முடியலை."

பத்து விரலையும் வாழைநாரால் கட்டி அவனை மூலையில் உட்கார வைத்தார்கள். பால் தன் பாட்டுக்குக் கொதித்துப் பாதியாக வற்றியது. யாரும் கவலைப்படவில்லை. சடையன்தான் மூலையில் இருக்கிறானே!

அரிசி வெந்தது, சர்க்கரை கரைந்தது. மாடக்கண்ணு இரண்டு ஏலக்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து, குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி மெதுவாகத் தட்டினான்.

"தூங்கிடுச்சா?" என்றான் உலகப்பன்.

"ஒண்ணு தூங்கிடுச்சு. இன்னொண்ணு முரண்டு பண்ணுது."

அதுவும் தூங்கும்வரை காத்திருந்து, இரண்டையும் தோலோடு உருளிக்குள் இறக்கினார்கள்.

அடுத்தது நெய். தொப்புளான் நெய்க்கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உருளியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"கண்ணுல காட்டணும்னா, பாயசத்துக்குக் கண்ணு எங்கே அண்ணே?"

நியாயமான கேள்வி. வெகுநேரம் யோசித்து, இரண்டு முந்திரியைப் பக்கத்தில் பக்கத்தில் மிதக்கவிட்டார்கள். பாயசம் அவர்களை உற்றுப் பார்ப்பது போலவே இருந்தது. தொப்புளான் பயபக்தியோடு கிண்ணத்தைக் காட்டினான்.

"பாத்துச்சா?"

"இடது கண்ணு பாத்துச்சு. வலது கண்ணு அந்தப் பக்கம் போயிடுச்சு."

கரண்டியால் வலது கண்ணை இழுத்துவந்து மறுபடி காட்டினார்கள். ஒரு சொட்டு நெய்கூடச் சிந்தவில்லை.

கடைசியில் உருளியை இறக்கியபோதுதான் வந்தது வினை. உலகப்பனுக்கும் மாடக்கண்ணுவுக்கும் மூச்சு வாங்கியது.

"நம்மளாலயே தூக்க முடியலையே! மூணு நாள் பட்டினி கிடந்த ஐயா எப்படித் தாங்குவாரு?"

"லேசா கனமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

மூலையிலிருந்து சடையன் சொன்னான். "கல்லு தண்ணியில முழுகுது, சருகு மிதக்குது. லேசா இருந்தா மிதக்கணும்."

விரல்களைக் கட்டியும் இவன் மூளை ஓடுகிறதே என்று மற்றவர்கள் வியந்து, கட்டை அவிழ்த்துவிட்டார்கள். நால்வருமாக உருளியைக் கொல்லைக் குளத்துக்குத் தூக்கிப்போய்த் தண்ணீரில் விட்டார்கள். உருளி பரிசல் மாதிரி மிதந்தது.

"லேசுதான்! லேசுதான்!" என்று கரையில் குதித்தார்கள். அதற்குள் காற்றடித்து உருளி நடுக்குளத்துக்குப் போய்விட்டது. உலகப்பன் பாய்ந்து நீந்தி விளிம்பைப் பிடித்தான். உருளி ஒரு பக்கம் சாய்ந்தது. பாயசம் முழுக்கக் குளத்துக்குள் போனது.

உலகப்பன் வெறும் உருளியை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினான். "பாருங்கடா, இப்ப எவ்வளவு லேசாயிடுச்சு!"

"உருளி லேசாயிடுச்சு அண்ணே. பாயசம் எங்கே?"

மாடக்கண்ணு ஒரு கை குளத்துநீரை அள்ளிக் குடித்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"இங்கேதான் இருக்கு. முன்னைக்கு இப்ப ரொம்பவே லேசு."

ஒரு செம்பு நிறைய மொண்டுபோய், வெள்ளி டம்ளரில் ஊற்றி மிராசுதாரிடம் நீட்டினார்கள். மூன்று நாள் ஏக்கம். பாயசம் என்ற பேரைக் கேட்டதுமே அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். நால்வரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள்.

"அடடா! உள்ளே இறங்கினதே தெரியலையே! இன்னொரு டம்ளர் ஊத்துங்கடா."

மூன்றாவது டம்ளருக்கு எழுந்து உட்கார்ந்தார். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு, கஞ்சியும் கொண்டுவரச் சொன்னார். தையல்நாயகி ஆனந்தத்தில் நால்வர் தலையிலும் கை வைத்தாள். "நல்லா இருங்கடா," என்றாள்.

"மிச்சம் இருக்கா?" என்றார் மிராசுதார்.

"நிறைய இருக்குங்க ஐயா. ஊருக்கே போதும்."

"வீணாக்கிடாதீங்க. ஏதாவது விழுந்தா கரண்டியால எடுத்துப் போட்டுட்டு மூடி வைங்க. சாயங்காலம் குடிக்கிறேன்."

சற்று நேரத்தில் கொல்லையில் ஒரே கூச்சல். தையல்நாயகி ஓடிப்போய்ப் பார்த்தாள். பக்கத்து வீட்டு எருமை கழுத்தளவு குளத்தில் நின்று நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. உலகப்பன் அதன் கொம்பைப் பிடித்திருந்தான். மற்ற மூவரும் அதன் வயிற்றுக்கு அடியில் கரண்டியைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா பண்றீங்க?"

"பாயசத்துல விழுந்துடுச்சும்மா," என்றான் உலகப்பன், மூச்சு வாங்க. "இந்தக் கரண்டியில எடுத்தா பாயசமும் சேர்ந்து வருது. அந்த ஜல்லிக்கரண்டியைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, வடிச்சு எடுத்துடறோம்."